பத்தாவது ஓட்டை

ஞாயிறு காலை, அப்புத்தளைக்கு மேலே
தகரக் கூரையின் கீழ்
புத்தகத்தில் கையெழுத்திடுகிறேன்:
கோமளேஸ்வரி, நிறுவை அளவைப் பரிசோதகர்,
துவக்கு இலக்கம் மூன்று,
ரவை பத்து.

சப்ரீன் பத்தையும் என் உள்ளங்கையில்
மாத்திரை எண்ணுவதுபோல் எண்ணி வைக்கிறார்.
போகையில் பத்துக் கோதும் திரும்ப வரவேண்டும்.
கிளப்பின் சட்டம். எனக்குப் பிடித்த சட்டம்.

கிழமையில் ஐந்து நாள்
தோட்டம் தோட்டமாய்ப் போய்
தராசுக்கு முத்திரை குத்துகிறவள் நான்.
கொழுந்து நிறுக்கும் முள்
எந்த இடத்தில் பொய் சொல்லும் என்று தெரியும்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ,
எதற்கென்று சொல்லாமல் இன்னொரு கிலோ
கழிப்பதும் தெரியும்.
இங்கே கழிவு கிடையாது.
மண்திட்டில் தோண்டியெடுத்த ஈயம் ஒன்றை
மதிய இடைவேளையில்
கந்தோர்த் தராசில் வைத்துப் பார்த்தேன்:
இருபது குன்றிமணி,
ஒட்டியிருந்த மண்ணையும் சேர்த்து.

படங்கு விரித்துக் குப்புறப் படுக்கிறேன்.
அம்மா இடுப்பில் கட்டிய அதே சாக்கு.
கிளப்பில் அதற்கு 'மேட்' என்று பெயர்.

லீவரைக் கீழே தள்ளினால்
இரும்பின் நாக்கு தாழ்ந்து வாய் திறக்கிறது.
பெருவிரலால் ஒரு ரவை.
மேலே இழுத்தால் மூடிக்கொள்கிறது,
நல்ல தச்சன் செய்த அலுமாரிக் கதவைப்போல
தேவைக்கு மேல் சத்தமில்லாமல்.
நூற்றுப் பத்து வயது. பர்மிங்காமில் பிறப்பு.
இதற்கு இரண்டாவது யோசனை கிடையாது.
ஒன்று போட்டால் ஒன்று.
துவக்கு என்பது பெயர்ச்சொல்லா ஏவலா என்று
பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை.
லீவர் மூடும் ஒவ்வொரு முறையும்
எனக்கு அது ஏவலாகத்தான் கேட்கிறது.

மூச்சை இழுத்து, பாதியை விட்டு,
மீதியில் நிற்கிறேன்.
வளையத்துக்குள் வளையம், அதற்குள் கருவட்டம்,
அதுவும் என் நாடிக்கு
மெல்ல ஏறி இறங்குகிறது.
இருபத்தைந்து யார்.
விரல் அழுத்துவதில்லை,
கனக்கிறது, அவ்வளவுதான்.

டக்.

காய்ந்த சவுக்குக் குச்சி முறிந்த மாதிரி.
இதற்கா அன்று லயத்தில்
விளக்கை அணைத்துக் கட்டிலுக்குக் கீழே படுத்தோம்?
இல்லை, அது வேறு சத்தம்.
அதற்குப் புத்தகம் இல்லை, கோது பொறுக்கவும் ஆளில்லை.
இது முடிந்ததும் முடிந்துவிடுகிறது.
தோள் வலிப்பதில்லை.
வேலிக் கம்பியில் இருக்கும் கொண்டைக்குருவி
தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்
பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி
இலக்கை விழுங்கிவிட்டது.
துவக்கு வாய் திறந்தபடி படங்கில் கிடந்தது,
குழாய்க்குள் குளிர் போய் வந்தது.
சப்ரீன் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி
கித்துள் கருப்பட்டியைப் பல்லால் கடித்துப்
பாதி தந்தார்.
எங்களுக்குக் கீழே, இதல்கசின்னப் பக்கம்,
கண்ணுக்குத் தெரியாத ரயில் ஒன்று கூவிப் போனது.
அவர் ரயில் கடவைக் காவலர்.
"பதினேழு நிமிசம் பிந்தி" என்றார்.
அதன்பிறகு நெடுநேரம்
நாங்கள் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

வெளித்ததும் மிச்ச இரண்டையும் சுட்டேன்.
தாளில் ஒன்பது ஓட்டை.

"ஒன்று தேயிலைக்குப் போய்விட்டது."
"இல்லை, இரண்டு ஒரே வழியாய்ப் போயின."
"சாட்சி?"
சாட்சி இல்லை.
ஊர்த் தராசு எதையும் நம்பாதவள்
என் கண்ணை மட்டும் எந்த முகத்தோடு நம்புவது?
அவர் ஒன்பது என்று எழுதினார்.
பக்கத்தில் நான் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
கோது பத்தும் சரி.

திங்கள், பதுளை.
கந்தோர் சன்னலில் தாளைப் பிடிக்கிறேன்.
ஒன்பது பொட்டு வெளிச்சம்.
நடுவுக்கு இடப்பக்கம் உள்ளது
மற்றவற்றைவிட மயிரிழை அகலம்.
ஈரத்தில் காகிதம் ஊறியதாலும் இருக்கலாம்.
மேசை இழுப்பறையில்
மில்லிமீட்டரை நூறாய்ப் பிளந்து காட்டும் கருவி இருக்கிறது,
நானே முத்திரை குத்தியது.

எடுக்கவில்லை.
கீழே பஸ் நிலையத்தில்
எல்ல, எல்ல என்று யாரோ கூவுகிறான்.